கால்வாய் வழியே கடலுக்கு: வியாசர்பாடியும் எண்ணூர்க் கழிமுகமும்

வியாசர்பாடியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. அலையோசையும் இங்கு வந்து எட்டுவதில்லை. காசிமேட்டிலிருந்து மீன்கூடைகள் வந்து இறங்கும் காலை நேரத்தில்தான் நம் தெருக்களுக்குக் கடலின் நினைவு வரும். ஆகவே கடலின் நலமும் கேடும் இராயபுரத்தாருக்கும் திருவொற்றியூராருக்கும் எண்ணூர்க் குப்பத்து மீனவர்களுக்கும் உரிய விவகாரம் என்றே நம்மில் பலர் கருதி வந்துள்ளனர். ஆனால் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், நமக்கும் கடலுக்கும் இடையே 200 ஆண்டுகளைக் கடந்த நேரடித் தொடர்பு ஒன்று இருப்பது புலனாகும். அது ஒரு கால்வாய்.

நம் பகுதியின் ஊடே செல்லும் கேப்டன் காட்டன் கால்வாயை அறியாதவர் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வெள்ளம் நிற்கும் மழைக்காலத்தில் அதைப் பற்றிப் பேசுவோர், மற்ற நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவர். இந்தக் கால்வாயின் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று மத்ரஸா மாணவர்களிடம் ஒருமுறை கேட்டோம். கூவத்துக்கு என்றனர் சிலர். எங்கும் போவதில்லை, இங்கேயே நிற்கிறது என்றான் ஒரு சிறுவன். அவன் கண்ணால் கண்டதைச் சொன்னான், குறைசொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் அந்நீர் பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதி கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக வடக்கே சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்கிறது. அங்கே கொசஸ்தலை ஆற்று நீரோடு கூடி, முகத்துவாரம் வழியே வங்கக் கடலில் கலக்கிறது. அந்நீரின் பாதையையே இக்கட்டுரையில் நாம் பின்தொடர்கிறோம்.

இந்தக் கால்வாய் சாக்கடையாக வெட்டப்பட்டதன்று. 1806ஆம் ஆண்டு பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் முதலீட்டில், சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு முதற்பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்தில் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். பின்னர் பழவேற்காட்டுக்கும், அதற்கும் வடக்கே ஆந்திரக் கரைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 1837இல் அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய மக்களுக்கு நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் 1878இல் சூட்டப்பட்டது. வெட்டிய கைகளோ பெயரற்றவை. ஒருவேளைக் கஞ்சிக்காக மண் சுமந்த அந்த ஏழைகளின் உழைப்பின்மீதுதான் இன்று நாம் கழிவைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

அந்தக் கால்வாயில் பாய்மரப் படகுகள் ஓடின. காற்று வாய்க்காத நாட்களில் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தனர்; ஆழம் குறைந்த இடங்களில் கழி ஊன்றித் தள்ளினர். ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகு சென்னை அடுப்புகளுக்கு இவ்வழியே வந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களின் உப்பு வந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே சால்ட் கோட்டார்ஸ் என இன்றும் வழங்கும் இடம், அந்த உப்புக் கிடங்குகளின் எச்சமே. படகுகள் வந்து தங்கிய நீர்த்துறையின் நினைவாகவே பேசின் பிரிட்ஜ் என்ற பெயர் நிலைத்தது. மின்நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் மட்டுமே அப்பெயரோடு சேர்த்து அறிந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, அங்கே ஒரு காலத்தில் படகுத்துறை இருந்தது என்பது வியப்பாகத் தோன்றும்.

இவற்றைவிடக் கருதத்தக்கது கிளிஞ்சல். பழவேற்காடு, எண்ணூர்க் கழிகளில் வாரிய கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சென்னையின் பழைய கட்டடங்களைப் பிணைத்து நிறுத்தியது. அக்காலத்துச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல் மின்னும் என்று வெளிநாட்டார் வியந்தனர். வெல்லமும் தயிரும் முட்டை வெள்ளையும் கலந்து அரைத்துப் பூசும் அந்தத் தொழில் இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆக, கழியில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகளே நகரத்தின் சுவர்களாயின. கழி நமக்கு வீடு தந்தது, உப்பு தந்தது, மீன் தந்தது. அதே வழித்தடத்தில் நாம் திருப்பி அனுப்பியது என்ன என்பதே இவ்வரலாற்றின் மறுபாதி.

கால்வாயின் வழியில் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் அது. அவர்களுக்கு முன்பே அங்கே முஸ்லிம் வணிகர்கள் வேரூன்றியிருந்தனர். அவ்வூரின் துறையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணிக்கு மலாய் நாட்டில் இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் பழையகாட் கைலி என்று கேட்டு வாங்குவதும் அந்த ஊரின் பெயரையே. ஓர் ஊரின் பெயரைக் கடல் எவ்வளவு தூரம் சுமந்து செல்லும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கழிமுகம் என்றால் என்ன என்பதை இங்குச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அதை அறியாமல் எண்ணூரின் இழப்பு விளங்காது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் இடம் அது. ஏற்றத்தின்போது கடல் உள்ளே வரும், வற்றத்தின்போது வெளியேறும். வெள்ளை இறால் ஆழக்கடலில் முட்டையிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அதன் குஞ்சுகள் ஏற்ற நீரோடு கழிக்குள் புகுந்து, அலையாத்தி வேர்களுக்கிடையிலும் சேற்றிலும் ஒதுங்கி, தின்று வளர்ந்து, பருவம் எய்தியபின் கடலுக்குத் திரும்பும். சேற்று நண்டு இதற்கு மாறாகக் கழியில் வாழ்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்லும். மடவை மீனும் கடலில் பிறந்து கழியில் வளர்வதுதான். ஆகவே கழிமுகம் கடலின் தொட்டில். காசிமேட்டில் ஏலம் போகும் இறாலில் ஒரு பகுதி, ஒரு காலத்தில் இத்தகைய கழி ஒன்றின் சேற்றில் வளர்ந்ததே. கழியில் கெட்டது கழியோடு நிற்காது என்பதற்குக் காரணமும் இதுவே.

(இறால் மீன் வகையைச் சேர்ந்ததா அல்லவா, அதை உண்ணலாமா என்பது ஹனஃபி மத்ஹப் அறிஞர்களிடையே நெடுங்கால விவாதம். ஷாஃபிஈ வீடுகளில் அந்தக் கவலை இல்லை. எண்ணூரின் நிலையைப் பார்த்தால், விவாதம் தீர்வதற்குள் இறால் தீர்ந்துவிடும்போலிருக்கிறது.)

எண்ணூர்க் கழியைச் சுற்றியுள்ள காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்நீரை நம்பியே வாழ்ந்தனர். வலை வீசியவர் உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்த ஆணும் பெண்ணும் உண்டு. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை வழங்குகிறது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது அது. ஒருவரே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமலும், நீருக்கும் ஓய்வு கிடைக்கும்படியும் எளிய மக்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. சட்டப் புத்தகங்களில் இதைக் காட்டிலும் நேர்த்தியான ஏற்பாட்டை நாம் அதிகம் கண்டதில்லை.

இனிக் கரையின் வரலாற்றுக்கு வருவோம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளில் ஆளும் சரக்கும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தன. 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. புயலும் கப்பல் மோதலும் அதைச் சிதைத்தன. 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கற்சுவர்கள் ஏறக்குறைய முடிந்திருந்த நிலையில் 1881 நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினர்.

கடல் அந்தச் சுவர்களைப் பின்னர் உடைக்கவில்லை. வேறு வகையில் கணக்குத் தீர்த்தது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் அதன் தென்புறம் தங்கிவிட்டது. இன்று நாம் குடும்பத்தோடு காற்று வாங்கச் செல்லும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பெருமளவு அப்படி உண்டானதே. வடக்கே போகவேண்டிய மணல் போகாததால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. அதைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே இன்று எண்ணூர் விரைவுச் சாலையோரம் காணப்படுகின்றன. தென்சென்னைக்குக் கடற்கரை, வடசென்னைக்குக் கருங்கல் என்ற பிரிவினை அங்கே தொடங்கியது. வளர்ச்சியின் நலன் ஒரு பக்கத்துக்கும் அதன் கேடு மறுபக்கத்துக்கும் போவது வடசென்னைக்குப் புதிதன்று.

விடுதலைக்குப்பின் ஆலைகள் வந்தன. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதையொட்டி உர ஆலையும் இரசாயன ஆலைகளும் எழுந்தன. 1970களில் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என ஒவ்வொன்றாக வந்து கழியைச் சூழ்ந்தன. இவற்றால் நாட்டுக்குப் பயன் விளையவில்லை என்று நாம் கூறமாட்டோம். நம் மத்ரஸாவின் மின்விளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. நம் மஹல்லாவின் இளைஞர்கள் பலர் அந்த ஆலைகளிலும் துறைமுகங்களிலும் ஊதியம் பெறுகின்றனர். கேள்வி ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அதன் கழிவைச் சுமக்கும் கடமை கேட்பாரற்ற ஒரு கழிமீது ஏன் சுமத்தப்பட்டது என்பதே.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்பினர். குழாய்கள் கழியின்மேல் செல்கின்றன. அவை பழுதுபட்டு ஒழுகின. சாம்பல் சேறு கழியின் அடியில் படிந்தது. ஆட்கள் நீந்திக் கடந்த இடங்களில் முழங்காலளவு நீர்தான் நின்றது. நிலையத்திலிருந்து வெளியேறும் வெந்நீரும் கழியில் கலந்தது. மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் அளித்த தீர்ப்பில், சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தின் பொறுப்பை உறுதிசெய்து கழியை மீட்கும் பணிகளுக்கு ஆணையிட்டது. அதன்பின் மற்றொரு துன்பமும் மிகுந்தது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிறு சிப்பி இக்கழியில் பெருகி, சேற்றின்மேல் பாய்விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் இடத்தையும் உள்ளூர்ப் பச்சை ஆழியின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. கப்பல்கள் தம் நிலைப்புக்காக ஏற்றி இறக்கும் நீரின் வழியே இத்தகைய உயிரினங்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் பரவுகின்றன. மீனவர்கள் அதற்குக் ‘காக்கா ஆழி’ என்று பெயரிட்டுள்ளனர்.

2017 ஜனவரி 28ஆம் நாள் விடியுமுன், துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. பெரிய கசிவு எதுவும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாட்களில் எர்ணாவூர்க் கருங்கற்களுக்கிடையே தார்போன்ற கரும்படலம் வந்து ஒதுங்கியது. மெரினாவிலும் அதற்குத் தெற்கிலும் அதன் தடம் தெரிந்தது. இறந்த ஆமைகள் கரையேறின. விண்ணில் செயற்கைக்கோள் ஏவும் நாட்டில், மாணவர்களும் மீனவர்களும் தொண்டர்களும் வாளியால் எண்ணெய் அள்ளிய காட்சியை உலகம் கண்டது. காசிமேட்டு மீனை வாங்க மக்கள் அஞ்சினர். ஒரு துளி எண்ணெயும் படாத ஆழ்கடல் மீனைப் பிடித்து வந்தவருக்கும் அன்று விற்பனை இல்லை.

அடுத்தது நம்மை இன்னும் நெருங்கி வந்தது. 2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த பெருமழையில் வடசென்னை மூழ்கியது. வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை அடைந்தது என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. தம் குழாய்களில் கசிவு இல்லையென ஆலைத் தரப்பு கூறியது. எண்ணெய்ப் படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை தெரிவித்தது. வெள்ளம் வடிந்தபோது வீட்டுச் சுவர்களில் எண்ணெய்க்கோடு நின்றது. படகும் வலையும் கருத்தன. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் பூசி, பறக்க இயலாமல் நீரில் தத்தளித்தன. இம்முறையும் முதலில் இறங்கியவர்கள் மீனவர்களே. தம் படகிலேயே சென்று குவளையாலும் வாளியாலும் அள்ளினர். பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு நிவாரணமும் அறிவித்தது. அம்மாதம் 26ஆம் நாள் இரவு, எண்ணூரில் உர ஆலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் உள்ளிட்ட ஊர்மக்கள் மூச்சுத்திணறி உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். ஒரே மாதத்தில் இவ்வளவும்.

அந்நாட்களில் நம்மிடம் ஒருவர் மார்க்கச் சட்டம் கேட்டார்: எண்ணெய் கலந்த அந்த நீரில் உளூச் செய்யலாமா? கேள்வி நேர்மையானது, அதற்குரிய விடை வியப்புக்குரியது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் உள்ளிட்ட ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள், தண்ணீரில் விழுந்தும் அதில் கரைந்து கலவாமல் அருகிருக்கும் பொருளுக்கு எடுத்துக்காட்டாக அகிற்கட்டையையும் எண்ணெயையுமே குறிப்பிடுகின்றன. அத்தகைய பொருளால் நீர் மாறுபட்டாலும் வலுவான கருத்தின்படி அது தூய்மையாக்கும் தன்மையை இழப்பதில்லை. அதாவது, தஹாரத் பாடத்தின் அளவில் மட்டும் பார்த்தால், கூழைக்கடாவைக் கொன்ற நீர் உளூவைக் கெடுக்காது!

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். உளூச் செல்லும் என்பதால் கேடில்லை என்றாகிவிடாது. நூலாசிரியர்கள் தஹாரத்தை ஒரு பாடமாகவும், பிறருக்கு இழைக்கும் தீங்கையும் அதற்கு ஈடுசெய்யும் கடமையையும் வேறு பாடங்களாகவும் வகுத்தது காரணத்தோடுதான். கடலைப் பற்றிய கேள்வியை நாம் முதல் பாடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறோம். விடையோ நூலின் நடுப்பகுதியில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் குறித்த பாடத்தில் இருக்கிறது. அங்கே ‘ஹரீம்’ என்றொரு சொல் வரும். கிணறு, ஆறு, ஊர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதன் பயன் கெடாதிருக்கத் தேவையான சுற்றுப்புற இடம் அது. அதை யாரும் தமக்கென வளைத்துக்கொள்ள முடியாது. எகிப்தில் நைல் நதியின் கரையோரம், நீரை நோக்கி வீடுகளை முன்தள்ளிக் கட்டும் வழக்கம் பெருகியபோது, ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் அது கூடாதென நிறுவுவதற்குத் தனியே ஒரு நூல் எழுதினார்கள். நதியின் கரை நதிக்கு உரியது, நதியோ எல்லோருக்கும் உரியது என்பதே அவர்களின் வாதத்தின் சாரம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்த வாதத்தை எண்ணூர்க் கழியின் கரையில் நின்று படித்தால், நேற்று எழுதியதுபோல் இருக்கும்.

கால்வாய்க் கரையில் குடிசை போட்ட ஏழையை நோக்கி இதைப் படிக்கலாகாது. அவர் வேறு போக்கிடம் இன்றி அங்கே வந்தவர். கழியின் சதுப்பைத் தூர்த்து எழுப்பிய பெருங்கட்டுமானங்களையும், அவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தோரையும் நோக்கியே படிக்க வேண்டும்.

இத்தகைய பழைய ஃபிக்ஹுச் சிந்தனை நம் காலத்தில் கடலுக்குப் பயன்பட்டதற்கு ஒரு சான்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவின் அருகே மிசாலி என்ற சிறு தீவு இருக்கிறது. பவளப்பாறையும் ஆமைகள் முட்டையிடும் கரையும் கொண்டது. சுற்றுவட்டார மீனவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். 1998இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தைக் காட்டியும் அடங்காத வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கத்துக்கு எதிராக, இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபஸ்லுன் காலிதின் அமைப்பு அங்குள்ள இமாம்களோடும் மீனவர்களோடும் அமர்ந்து, படைப்பின்மீது மனிதனுக்குள்ள அமானிதப் பொறுப்பை எடுத்துரைத்தது. அரசாணைக்குச் செவிசாய்க்காதவர்கள் மிம்பரின் சொல்லுக்குச் செவிசாய்த்தனர். நம் ஜும்ஆ மேடைகளில் கடலைப் பற்றி எத்தனை முறை பேசப்பட்டுள்ளது என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நம் கரைக்கும் ஆமைகள் வருகின்றன. மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமைகள் தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையில் ஏறி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டுச் செல்லும். 1988 முதல் மாணவர் குழுவொன்று இரவிரவாக நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகிறது. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி அது; கரையை ஒட்டி இழுக்கும் விசைப்படகின் மடியில் அகப்பட்டால் மேலே வர வழியின்றி மூச்சடைத்து மாயும். கரையோரக் கடலில் விசைப்படகு இழுவைக்குத் தடை இருக்கிறது. மீன்கள் இனம்பெருக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது. பின்னதைப் படகுக்காரர் கடைப்பிடிக்கின்றனர், வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும். முன்னதே காற்றில் விடப்படுகிறது.

இனி வியாசர்பாடிக்குத் திரும்புவோம். ஆலைகளின் கழிவோடு ஒப்பிட்டால் நம் வீட்டுக் கழிவு சிறிது. அதைச் சொல்லியே பலர் தப்பித்துக்கொள்கின்றனர். ஆயினும் ஒன்றை வெளிப்படையாகக் கூறவேண்டியுள்ளது. ஹஜ்ஜுப் பெருநாளையொட்டிய மூன்று நாட்களில், குர்பானியின் இரத்தமும் குடலும் தோல்கழிவும் நம் பகுதிகள் சிலவற்றில் மூட்டை மூட்டையாகக் கால்வாயில் விழுகின்றன. எண்ணெய் நஜீஸ் அன்று என்று மேலே கண்டோம். இரத்தம் நஜீஸ், அதில் எந்த மத்ஹபிலும் ஐயமில்லை. நீர்த்துறையிலும் வழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயலாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நம் மக்தபுச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். அல்லாஹ்வுக்கென அறுத்த பிராணியின் கழிவு, பெருமழை வந்தால் எண்ணூர்க் குப்பத்தின் வாசலுக்குப் போகிறது. அங்கே சேற்றைத் தடவி இறால் தேடும் பெண்ணின் கைக்கு அது வருகிறது. அவளுக்கு நாம் அனுப்பவேண்டியது குர்பானியின் இறைச்சிப் பங்கேயன்றி இதுவன்று.

துல்ஹஜ் பிறை தென்படுமுன் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒருமுறை கூடி, நான்கு செய்திகளை முடிவுசெய்து பள்ளிவாசல் பலகையில் எழுதலாம். அறுப்பதற்கு எந்த இடம், கழிவைச் சேர்க்கும் தொட்டி எங்கே, மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு வரும், தெருவுக்குத் தெரு பொறுப்பாளர் யார். வட்டார அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்தால்தான் மூன்று நாட்களுக்கும் கூடுதல் வண்டி கேட்டுப் பெற முடியும். விண்ணப்பம் எழுதித் தருவதற்கு மத்ரஸாவில் ஆட்கள் உண்டு.